லினக்ஸ்சிஎன்சியில் "அளவு வரல" என்றால்: ஸ்கேலா, யூனிட்டா, ஆஃப்செட்டா?

ஓசூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் மில்லிங் மெஷினானாலும் சரி, கிருஷ்ணகிரியில் கல்லில் எழுத்து வெட்டும் ரூட்டரானாலும் சரி, லினக்ஸ்சிஎன்சி (கணினியிலிருந்து மெஷினை ஓட்டும் மென்பொருள்) போட்டு ஓட்டும் இடத்தில் ஆபரேட்டர் சொல்லும் புகார் ஒன்றுதான்: "அளவு வரல." கேட்டவுடன் ஐஎன்ஐ என்ற செட்டிங் கோப்பைத் திறந்து ஸ்கேல் எண்ணில் (ஒரு மி.மீ. நகர எத்தனை ஸ்டெப் என்பது) கை வைக்காதீர்கள். மெஷின் நகரும் தூரம் தவறா, நகரத் தொடங்கும் இடம் தவறா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஆஃப்செட் (தொடங்கும் இடத்தைக் குறிக்கும் எண்) பிழைக்கு ஸ்கேலை மாற்றினால் இந்த ஜாப் தற்செயலாகச் சரியாக வரும். நீளம் மாறிய அடுத்த ஜாப் ஸ்கிராப்.

பிரிக்க ஒரு டயலும் 10, 50, 100 மி.மீ. ஸ்லிப் கேஜும் (துல்லிய அளவுக் கட்டை) போதும். பெட்டில் ஒரு ஸ்டாப்பரை இறுக்கி, அதன் மேல் 100 மி.மீ. கேஜைச் சாய்ந்து நிற்கும்படி வையுங்கள். டயலை ஸ்பிண்டிலில் பிடித்து, ஸ்டாப்பரை நோக்கிப் போகும் திசையில் 2 மி.மீ.யாவது நகர்த்திக் கேஜைத் தொட்டு ஜீரோ வையுங்கள். அப்போதுதான் பேக்லாஷ் (திசை திருப்பும்போது வரும் ஆட்டம்) கணக்கில் கலக்காது. கேஜை எடுத்துவிட்டு எம்டிஐயில் (கட்டளையை நேரடியாக அடிக்கும் இடம்) ஜி21 ஜி91 ஜி1 எக்ஸ்100 எஃப்200 கொடுங்கள்: மி.மீ.யில், நிற்கும் இடத்திலிருந்து 100 நகர் என்று பொருள். ஸ்டாப்பர் எதிர்ப்பக்கம் இருந்தால் எக்ஸ்-100. டயல் ஸ்டாப்பரைத் தொட்டு ஜீரோ காட்ட வேண்டும். 10க்கும் 50க்கும் இதையே செய்யுங்கள். முடிந்ததும் ஜி90 (மறுபடி ஜீரோவிலிருந்து அளக்கும் முறை) போட மறக்கக் கூடாது.

பத்தில் 0.08, ஐம்பதில் 0.40, நூறில் 0.80 என்று தூரத்தோடு பிழையும் வளர்ந்தால் அது ஸ்கேல். மூன்றிலும் ஜீரோ, ஆனால் ஜாப் மட்டும் தள்ளி வெட்டுகிறது என்றால் ஆஃப்செட். திசை திருப்பும்போது மட்டும் ஒரே அளவு குறைந்தால் பேக்லாஷ். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் மென்பொருளைத் தொடவே வேண்டாம்: கப்ளிங் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது ஸ்டெப்பர் ஸ்டெப்பைத் தவறவிடுகிறது.

ஸ்கேல் கணக்கு எளிது. 200 ஸ்டெப் மோட்டார், டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப், 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ: 200 × 8 ÷ 5 = 320. மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் 2:1 புல்லி இருந்தால் 640. நகர்ந்த தூரம் சரியாக இரட்டிப்பாகவோ பாதியாகவோ வந்தால் டிரைவரின் டிப் ஸ்விட்சைப் பாருங்கள். 100 கேட்டு 3.937 வந்தால், அல்லது 25.4 மடங்கு ஓடினால், அது யூனிட் குழப்பம். பெல்ட், ரேக் உள்ள மெஷினில், பழைய ஸ்கேலைக் கேட்ட தூரத்தால் பெருக்கி அளந்த தூரத்தால் வகுத்தால் புதிய ஸ்கேல் கிடைக்கும். பால் ஸ்க்ரூவில் அந்த வழியை நம்பாதீர்கள். சி7 தரத்து ஸ்க்ரூவே 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. அளவில்தான் பிசகும். நூறில் 0.8 குறைகிறது என்றால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. எண்ணைத் திருத்தி அதை மூடி மறைக்கக் கூடாது.

யூனிட் மூன்று இடத்தில் இருக்கிறது. ஐஎன்ஐயின் டிராஜ் பகுதியில் உள்ள லீனியர் யூனிட்ஸ் மெஷினுடையது. ஜி20 (இன்ச்), ஜி21 (மி.மீ.) புரோகிராமுடையது. லினக்ஸ்சிஎன்சியின் ஆக்சிஸ் என்ற திரையில் மி.மீ., இன்ச் மாற்றுவது கண்ணுக்கு மட்டும்; அதனால் மெஷின் ஓடும் தூரம் மாறாது. ஆனாலும் டச் ஆஃப் (டூலைத் தொடவைத்து ஜீரோ வைப்பது) செய்யுமுன் திரை எந்த யூனிட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணை அடியுங்கள்.

அதிகம் மாட்டிக்கொள்வது நடுவில் உள்ள ஜி20, ஜி21இல்தான். வெளிநாட்டு ஆர்டருக்கு ஜி20 போட்டு ஓட்டிய புரோகிராம் எம்2வில் முடிந்தாலும் ஜி20 அப்படியே நிற்கும். எம்2, எம்30 இரண்டுமே யூனிட்டை மாற்றுவதில்லை. அடுத்து ஜி21 எழுதாத மி.மீ. புரோகிராம் வந்தால் எக்ஸ்40 என்பது 1016 மி.மீ. ஆகிவிடும். இங்கே சாஃப்ட் லிமிட் (மென்பொருளில் வைத்த எல்லை) தடுத்து எச்சரிக்கை காட்டும், தப்பித்தோம். இசட்-2 என்பது 50.8 மி.மீ. இறங்கும்போது லிமிட் தடுக்காமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு புரோகிராமின் முதல் வரியிலும் ஜி21 ஜி90 ஜி40 ஜி49 ஜி54 இருக்கட்டும்.

லீனியர் யூனிட்ஸை இன்சிலிருந்து மி.மீ.க்கு மாற்றினால் மற்றவை தானாக மாறாது. ஸ்கேல், வேகம், ஆக்சிலரேஷன், லிமிட், ஹோம், பேக்லாஷ், டூல் டேபிள், வார் கோப்பு (ஆஃப்செட்களைச் சேமிக்கும் கோப்பு) எல்லாமே மெஷின் யூனிட்டில் இருப்பவை. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஐஎன்ஐயில் வேகம் விநாடிக்கு, புரோகிராமில் எஃப் நிமிடத்துக்கு என்பதையும் மனதில் வையுங்கள். மேக்ஸ் வெலாசிட்டி 50 என்றால் எஃப்3000.

இனி ஆஃப்செட். டூல் போய் நிற்கும் மெஷின் இடம் என்பது புரோகிராம் எண், ஜி54 (ஜாப் ஜீரோ இருக்கும் இடம்), ஜி92 (அதன் மேல் கூடும் இன்னொரு தள்ளல்), டூல் நீளம் ஆகியவற்றின் கூட்டு. இதில் ஒன்று பழையதாக இருந்தாலே போதும். ஆக்சிஸ் திரையின் டிஆர்ஓ டேபில் (இட எண்களைக் காட்டும் பக்கம்) இவை தனித்தனியாகத் தெரியும். ஜி54இன் எக்ஸ், ஒய், இசட் மதிப்புகள் #5221, #5222, #5223 என்ற பாராமீட்டர்களில் இருக்கும். ஜி55க்கு (இரண்டாவது ஜாப் ஜீரோ) #5241 முதல். #5210 ஒன்று என்றால் ஜி92 உயிரோடு இருக்கிறது; அதன் மதிப்பு #5211 முதல். வேண்டாத ஜி92ஐ ஜி92.1 கொடுத்து அழியுங்கள். ஜி92.2 நிறுத்தி மட்டும் வைக்கும். மதிப்பு நினைவில் இருக்கும், ஜி92.3 கொடுத்தால் திரும்பி வரும். ஜாப் ஜீரோ வைக்க ஜி92 பழக்கத்தை விட்டுவிட்டு ஜி10 எல்20 பி1 எக்ஸ்0 போடுவதே நல்லது. எங்கே எழுதப்படுகிறது என்பதில் சந்தேகமே வராது. முகம் சாய்ந்து வெட்டினால் #5230ஐப் பாருங்கள், பழைய சுழற்சிக் கோணம் தங்கியிருக்கும். ஜி10 எல்2 பி1 ஆர்0 அதை நீக்கும்.

ஜி55இல் செட்டிங் செய்துவிட்டு புரோகிராமில் ஜி55 எழுதவில்லை என்றால் முதல் ஜாப் சரி, இரண்டாவது தவறு. காரணம், எம்2 மறுபடி ஜி54க்குக் கொண்டுபோகிறது. இசட் மட்டும் டூல் நீளத்துக்குச் சமமாகப் பிசகினால், டச் ஆஃப் செய்தபோது ஜி49 (டூல் நீளம் சேராது) இருந்து, ஓடும்போது ஜி43 (டூல் நீளம் சேரும்) வந்திருக்கும். இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். லேத்தில் எக்ஸ் இரட்டிப்பாகவோ பாதியாகவோ வந்தால் ஸ்கேலுக்கு முன் ஜி7, ஜி8 பாருங்கள். ஜி7 விட்டம், ஜி8 ஆரம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஜி8.

ஆஃப்செட் எண்கள் எல்லாம் சரி, ஆனால் காலையில் வைத்த ஜீரோ மாலையில் இல்லை என்றால் ஹோமிங்கை (மெஷின் ஸ்விட்சைத் தேடித் தன் ஜீரோவை அறிவது) சோதியுங்கள். டயலை வைத்து ஐந்து முறை ஹோம் செய்து அளவு திரும்ப வருகிறதா பாருங்கள். 0.05க்கு மேல் ஆடினால் ஹோம் லாட்ச் வெலாசிட்டியை (ஸ்விட்சைக் கடைசியாகப் பிடிக்கும் வேகம்) குறையுங்கள், ஸ்விட்ச் பிராக்கெட்டை இறுக்குங்கள். ஹோம் மதிப்பும் லிமிட்டும் ஒரே எண்ணாக இருந்தாலும் தொல்லை வரும். ஹோம் 0 என்றால் குறைந்தபட்ச லிமிட்டை -0.01 என்று சற்று வெளியே தள்ளுங்கள்.

பவர் கட்டுக்குப் பின் கடைசி டச் ஆஃப் வார் கோப்பில் பதியாமல் போயிருக்கலாம். செட்டிங் ஷீட்டில் ஜி54இன் மூன்று எண்ணையும் எழுதி வைத்திருந்தால், ஹோம் செய்தவுடன் டிஆர்ஓ டேபோடு ஒப்பிட அரை நிமிடம் போதும். வேறுபட்டால் எம்டிஐயில் ஜி10 எல்2 பி1 கொடுத்து அந்த எண்களை ஏற்றுங்கள். வார் கோப்பையே திருத்துவதென்றால் லினக்ஸ்சிஎன்சியை மூடிவிட்டுச் செய்யுங்கள். ஓடும்போது திருத்தியதை அது மூடும்போது மேலெழுதிவிடும். பிறகு இசட் ஜீரோவை ஜாப்புக்கு மேல் 50 மி.மீ. தூக்கி வைத்து ஒருமுறை காற்றில் ஓட்டிப் பார்த்த பின்பே டூலை இறக்குங்கள்.