கேம் ஆடிப் பழகாத துணைக்குக் கோதிக் கேம் எடுத்துக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் கணவருக்குப் பழைய தேவாலயங்கள் என்றால் உயிர். மைசூர் ஃபிலோமினா, சென்னை சாந்தோம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூர்மையான கோபுரமும் நீண்ட ஜன்னலும் கொண்ட கோதிக் பாணிக் கட்டடமும் மழை மேகமும் சேர்ந்து கிடைத்துவிட்டால் சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோகும். வீடியோ கேமை மட்டும் அவர் தொட்டதே இல்லை. நானோ பள்ளி நாளிலிருந்து ஆடுகிறவள். அதனால் ஒருநாள் அவராகவே வந்து, "நீ ஆடுறதுல எனக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யோசிக்காமல் ப்ளட்போர்ன் டிஸ்க்கைப் போட்டேன்.

2015இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த கேம் அது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கியது. அதில் வரும் யார்னம் நகரத்தைப் போல, கோபுரத்தின் மேல் கோபுரமாகக் கோதிக் கட்டடக்கலையைக் குவித்து வைத்த இன்னொரு கேமை நான் பார்த்ததில்லை. ஆனால் அது தொடங்குகிற விதம் இது: ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கண் விழிக்கிறோம், கையில் ஆயுதம் கிடையாது, படி இறங்கினால் ஓநாய் போன்ற ஒரு மிருகம் நிற்கிறது. பெரும்பாலானவர்கள் அங்கேயே சாவார்கள். செத்த பிறகு போய்ச் சேரும் இடத்தில்தான் ஆயுதமே கொடுக்கிறார்கள். எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. தன்னுடைய பிழையால் செத்ததாக அவர் நினைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து கண்ட்ரோலரைக் கீழே வைத்து, "ரொம்ப அழகா இருக்கு. நீயே ஆடு, நான் பார்க்கிறேன்" என்றார். அதன் பிறகு நான்கு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

அந்த நான்கு மாதத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். இருட்டையும் பாழடைந்த வீடுகளையும் ரசிக்கும் ஒருவரின் ரசனை பல வருடம் பழுத்தது. விரல்கள்தான் புதியவை. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான பரிந்துரைகள் தவறிப்போகின்றன.

பயமும் கோதிக்கும் ஒன்றென்று நினைப்பது

இருண்ட விஷயங்கள் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னவுடன் நம்மில் பலர் திடுக்கிட வைக்கும் கேம்களைத் தேடப் போய்விடுகிறோம். கோதிக் என்பதன் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. சிதைந்துகொண்டிருக்கும் ஒரு மாளிகை, குடும்பம் மூடி வைத்த ஒரு ரகசியம், செத்தும் போகாமல் நிற்கும் ஒரு துக்கம். அது மெதுவாக ஊறும். கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வரும் உருவம் அதற்கு அவசியமே இல்லை.

கேப்காமின் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் (2021) இதற்கு நல்ல உதாரணம். அதன் கோட்டைப் படங்களைப் பார்த்தால் கோதிக் பிரியர் யாரும் மயங்கிவிடுவார்கள். பனி, மெழுகுவர்த்தி, வெல்வெட் திரை, உயரமான சீமாட்டி டிமிட்ரெஸ்கு. ஆனால் ஆரம்பத்திலேயே நாயகனின் கை படாத பாடு படுகிறது. கோட்டை முடிந்ததும் பெனவியெண்டோ வீடு வருகிறது. அங்கே நம்மிடம் ஆயுதமே இருக்காது, ஓடி ஒளிய மட்டுமே முடியும். கேம் ஆடிப் பழகியவர்களே அந்தப் பகுதியில் நிறுத்தி மூச்சு வாங்குவார்கள். கோட்டைக்காக வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் துணையை மாட்டவைத்தால், அவருக்கு ஏமாற்றப்பட்டதாகத்தான் தோன்றும்.

அதனால் முதலில் கேட்டுப் பாருங்கள். இருட்டில் உங்களுக்குப் பிடித்தது எது? கட்டடமா, கதையா, பேயா, ரத்தமா, அந்தச் சோகமா? என் கணவரிடம் கேட்டபோது, "காலியா இருக்கிற இடத்துல யாரோ வாழ்ந்த அடையாளம்" என்றார். அந்த ஒரு வரி எனக்கு எந்தக் கடையின் பட்டியலையும்விட உதவியது.

ரசனையைக் குழந்தையாக்குவது

முதல் முயற்சி தோற்றதும் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். "முதல்ல கை பழகட்டும்" என்று பண்ணை வைத்துக் காய்கறி வளர்க்கும் பளபளப்பான கேம் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு நாளில் மூடிவிட்டார். அந்த கேமில் குறை ஒன்றும் இல்லை. பிடிக்காத புத்தகத்தைக் கொடுத்து இதில் எழுத்துக் கூட்டிப் பழகு என்று சொன்னால் யார்தான் படிப்பார்கள்? கை பழகும் காலத்திலும் அவருக்கு வேண்டிய இருட்டைக் கொடுக்க முடியும்.

அப்படிக் கொடுக்கக்கூடியது லிம்போ. டென்மார்க்கின் பிளேடெட் 2010இல் வெளியிட்டது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஒரு சிறுவன் காட்டில் கண் விழித்து, இடமிருந்து வலமாக நடக்கிறான். நடக்க, குதிக்க, பிடித்து இழுக்க, இவ்வளவுதான் கட்டளைகள். ஆடும்போது திரையில் விளக்க எழுத்தோ எண்ணோ வராது, வசனமும் கிடையாது. ஆங்கில வசனத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கேமை விட்டவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த மௌனம் பெரிய வரம். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். செத்தாலும் சில அடி பின்னால் மீண்டும் நிற்கலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதில் சாவது ஒரு சிறுவன், சாவுகள் கொடூரமாக இருக்கும். தொடக்கத்திலேயே ராட்சதச் சிலந்தி ஒன்றும் வரும். சிலந்தி என்றால் நடுங்குபவர்களுக்கு லிம்போவைத் தரவே வேண்டாம். அதே குழுவின் இன்சைட் (2016) இருக்கிறது, அதுவும் பேச்சில்லாத இருட்டுதான்.

இரண்டு ஸ்டிக்கின் கதை

இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். கண்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு சிறு குச்சிகள்தான் ஸ்டிக். முப்பரிமாண கேம்களில் இடது ஸ்டிக்கில் நடக்க வேண்டும், வலது ஸ்டிக்கில் பார்வையைத் திருப்ப வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். பழகியவர்களுக்கு இது சைக்கிள் ஓட்டுவது போல, நினைவிலேயே இருக்காது. புதியவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். நான்கு அடி நடப்பார், நிற்பார், தலையைத் திருப்புவார், கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், மறுபடி நடப்பார். அந்த நேரத்தில் ஒரு மிருகம் பாய்ந்தால் அவர் என்ன செய்ய முடியும்? ப்ளட்போர்னில் இடையில் நிறுத்தி வைக்கும் வசதிகூடக் கிடையாது, கடினத்தைக் குறைக்கும் தேர்வும் கிடையாது.

ஆகவே கேமரா தானாக நகரும் கேம்களில் தொடங்க வேண்டும். பக்கவாட்டில் நகர்பவை, மேலிருந்து பார்ப்பவை. இங்கேயும் ஒரு பொறி உண்டு. ஸ்வீடனின் டார்சியர் ஸ்டுடியோஸ் செய்த லிட்டில் நைட்மேர்ஸ் (2017) பார்க்க லிம்போ போலப் பக்கவாட்டு கேமாகத் தெரியும். மஞ்சள் மழைக்கோட்டுச் சிறுமி, அவளைவிடப் பத்து மடங்கு பெரிய மேசை நாற்காலிகள், எனக்கு மிகவும் பிடித்த கேம். ஆனால் அந்த அறைகளுக்கு ஆழம் உண்டு. ஒல்லியான பலகையில் நடக்கும்போது நேராகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஓரத்தில் விழுந்துவிடுவோம். லிம்போவை முடித்த பிறகு இதைக் கொடுங்கள், முன்னால் வேண்டாம்.

இரண்டு ஸ்டிக்கையும் பதற்றமில்லாமல் பழக எனக்குத் தெரிந்த நல்ல இடம் வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச் (2017). எதிரி இல்லை, தோல்வி இல்லை. ஒரு பெண் தன் குடும்பத்தின் கோணல்மாணலான பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு அறையிலும் இறந்துபோன ஒருவரின் கதையைத் திறக்கிறாள். அதில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் ஒருவனின் கதை வரும். ஒரு ஸ்டிக்கால் மீனை வெட்டிக்கொண்டே, மற்றதால் அவன் மனதில் கற்பனை செய்யும் ராஜ்ஜியத்தில் நடக்க வேண்டும். கை தனியாக, மனம் தனியாக ஓடுவதை விரல்களாலேயே உணரவைத்த இடம் அது. என் கணவர் அந்தக் காட்சி முடிந்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டு ஸ்டிக் பிடிபட்டதும் அன்றைக்குத்தான்.

ஆனால் அந்த வீட்டின் கதைகளில் குளியல் தொட்டியில் ஒரு கைக்குழந்தை இறப்பதும் வருகிறது. உறவில், நட்பில் சமீபத்தில் இழப்பைக் கண்டவர்களுக்கு இது தாங்காது. "டார்க் கேம்தானே கேட்டீங்க" என்று அதை எடுத்து நீட்டுவது பெரிய தவறு. நீங்கள் முன்பே ஆடிய கேம் என்றால், அதில் யார், எப்படி, எதற்காகச் சாகிறார்கள் என்பதை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். கதையின் முடிவைச் சொல்லாமலே, "இதில் குழந்தை இறப்பு உண்டு, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட முடியும்.

நாற்பது மணி நேரக் காதல்

ஹாலோ நைட் (2017) நம் எல்லோருக்கும் பிடிக்கும். பூச்சிகளின் அழிந்த ராஜ்ஜியம், மழை கொட்டிக்கொண்டே இருக்கும் நகரம். ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு செய்தது என்று நம்பவே முடியாது. ஆனால் அங்கே வரைபடம்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வரைபடம் விற்கும் கார்னிஃபர் எங்கே உட்கார்ந்து முணுமுணுத்துப் பாடுகிறார் என்று தேடிக் கண்டுபிடித்து வாங்கினாலும், நாம் நிற்கும் இடம் அதில் தெரிய இன்னொரு பொருள் வாங்க வேண்டும். தொலைந்துபோவதுதான் அந்த கேமின் இன்பம். தொலைந்துபோனால் வழி கண்டுபிடித்துவிடுவோம் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அது இன்பம். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுகிற புதியவருக்கு, நேற்று எங்கே விட்டோம் என்பதே நினைவிருக்காது. முதல் இரண்டு மூன்று கேம்கள் ஒரு வார இறுதியில் முடிந்துவிடுபவையாக இருக்கட்டும். ஒன்றை முடித்தோம் என்ற சந்தோஷம் அடுத்ததற்குத் தானாக இழுத்துப் போகும்.

கடினம் குறைந்த ஆட்ட முறையை, அதாவது எளிய மோடைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாம்பயர் என்று 2018இல் ஒரு கேம் வந்தது. 1918இன் லண்டன், ஸ்பானிஷ் காய்ச்சல், ரத்தக் காட்டேரியாகிவிட்ட ஒரு மருத்துவர். தெருவில் இருப்பவர்களோடு பேசப் பேச, அவர்களைப் பற்றி அறிய அறிய, அவர்களின் ரத்தத்துக்கு மதிப்பு ஏறும். குடித்தால் நம் சக்தி கூடும், அந்த மனிதர் போய்விடுவார். யாரையும் கொல்லாமல் போனால் சண்டைகள் கடினமாகும். கோதிக் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒரு ஏற்பாட்டைக் காட்டலாம். வெளியான சில மாதங்களில் இதற்குக் கதை மோட் ஒன்றைச் சேர்த்தார்கள், அதில் சண்டை வழிவிட்டு நிற்கும். துணைக்கு அதையே போட்டுக் கொடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம்

கேமைவிடப் பெரிய இடைஞ்சல் பல நேரம் நாம்தான். "அந்தப் பக்கம் போ", "இல்ல இல்ல, மேல", "இப்ப குதி" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். இன்னும் மோசம், "இரு, நான் முடிச்சுத் தரேன்" என்று கண்ட்ரோலரை வாங்கிக்கொள்வது. புதிரின் விடை நமக்குத் தெரியும் என்பதால் அவருடைய பத்து நிமிடத் தேடல் நமக்கு வீணாகத் தெரிகிறது. அவருக்கோ அந்தப் பத்து நிமிடம்தான் கேம். எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஒப்பந்தம் உண்டு. அவர் கண்ட்ரோலரை நீட்டினால் மட்டுமே நான் வாங்குவேன். கேட்டால் மட்டுமே துப்பு, அதுவும் ஒரு வாக்கியம்.

சேர்ந்தே ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தால் கல்ட் ஆஃப் த லேம்ப் (2022) இருக்கிறது. பலியிடப்பட்ட ஆட்டுக்குட்டி ஒன்று திரும்பி வந்து தனக்கென ஒரு வழிபாட்டுக் கூட்டம் சேர்க்கிறது. பார்க்கப் பொம்மை போல, உள்ளே நல்ல இருட்டு. மேலிருந்து பார்க்கும் கேமரா, கடினத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு. 2024இல் வந்த புதுப்பிப்பில், ஒரே திரையில் இரண்டாவது ஆள் கறுப்பு ஆடாகச் சேர்ந்துகொள்ளலாம்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். இருண்ட கேம்கள் தொடக்கத்தில் வெளிச்சத்தை அளவாக வைக்கச் சொல்லும். புதியவருக்கு அதைவிட ஒரு படி கூட்டியே வையுங்கள், வழி தெரியாமல் சுவரில் முட்டுவதில் எந்த அழகும் இல்லை. சப்டைட்டிலைப் போட்டு எழுத்தைப் பெரிதாக்குங்கள். பாத்திரத்தின் கண் வழியாகவே பார்க்கும் முதல் நபர் பார்வையில் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். அது பழக்கத்தால் உடனே போய்விடாது, அன்றைக்கு நிறுத்திவிடுவதே சரி. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினால் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு அது தைரியம் கொடுக்கும்.

போன மாதம் அவராகவே ப்ளட்போர்னைக் கேட்டார். அதே மருத்துவமனை, அதே மிருகம். செத்தார், சிரித்தார், ஆயுதம் வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். யார்னத்தில் சில வீட்டு வாசல்களில் விளக்கு எரியும். பக்கத்தில் போய்த் தட்டினால் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் பேசுவார்கள், சிலர் விரட்டுவார்கள், சிலர் கேலியாகச் சிரிப்பார்கள். முதல் தடவை அவர் அப்படி ஒரு ஜன்னல் முன்னால் நின்றபோது, "அங்க ஒண்ணும் இல்ல, முன்னால போங்க" என்று நான்தான் துரத்தினேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அவர் முதல் தெருவைக்கூடத் தாண்டவில்லை. விளக்கு எரிந்த ஒவ்வொரு ஜன்னலையும் தட்டி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.