சிறு நூலகத்துக்கு மின்தொகுப்பு: எதை ஸ்கேன் செய்வது, எப்படிக் காப்பது

சில ஆயிரம் பழைய புத்தகங்கள் வைத்திருக்கும் நூலகம் முதலில் வாங்க வேண்டியது ஸ்கேனர் அல்ல. எதையெல்லாம் ஸ்கேன் செய்யத் தேவையில்லை என்ற பட்டியல்தான் முதல் வேலை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ நிறுவனத்தின் தளம் (noolaham.org), இன்டர்நெட் ஆர்க்கைவ் மூன்றிலும் தலைப்பை இரண்டு மூன்று விதமாகத் தட்டித் தேடுங்கள். கிடைத்தால் அது எந்தப் பதிப்பு, பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் அந்த இணைப்பை உங்கள் நூற்பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போகலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் கிடைப்பது தட்டச்சு செய்த உரை. படிக்க உதவும், ஆனால் பழைய பதிப்பின் பக்கப் படத்துக்கு ஈடாகாது.

உங்களிடம் மட்டுமே இருக்க வாய்ப்புள்ளவை வேறு: குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், சங்க ஆண்டறிக்கை, நாடக நோட்டீஸ், குஜிலிப் பாட்டுப் புத்தகம் (தெருவில் மலிவாக விற்ற சிறு பாட்டு நூல்), நாலு இதழோடு நின்றுபோன உள்ளூர்ச் சிற்றிதழ். பெரிய நூலகங்களின் கண்ணுக்கு இவை தப்பிவிடும். உங்கள் நேரத்தில் முக்கால் பங்கை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

பதிப்புரிமை

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள், இலங்கையில் 70. 1964-இல் மறைந்தவரின் எழுத்து இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. சிக்கல் வருவது உரைநூல்களில்தான்: மூலம் பழையதாக இருந்தாலும் உரையாசிரியரின் உரிமை தனி. நாட்டுடைமையான எழுத்தாளர் நூலில் வேறொருவர் எழுதிய முன்னுரைக்கும் இதே கதைதான். மலர், இதழ் என்றால் கட்டுரைக்குக் கட்டுரை பார்க்க வேண்டும்.

உரிமை முடியாத நூலைத் தொடவே கூடாது என்றில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(n) பிரிவின்படி, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். அதை இணையத்தில் ஏற்ற இந்தப் பிரிவு இடம் தருவதில்லை. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் ‘திறந்தது’, ‘நூலகத்துக்குள் மட்டும்’, ‘அனுமதி கேட்க வேண்டும்’ என மூன்றில் ஒன்றைக் குறித்து வையுங்கள்.

படம் எடுப்பது

பழைய தமிழ்ப் புத்தகங்கள் பல ஓரத்தில் ஊசி குத்தித் தைத்தவை. தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு முறியும், உள் ஓரத்து எழுத்து நிழலில் போகும். 100 பாகை அளவுக்கு மட்டும் விரியும் வி வடிவத் தாங்கியும் மேலே ஒரு கேமராவும் போதும். 24 மெகாபிக்சல் கேமராவின் நீளப் பக்கம் 6,000 பிக்சல், 11.7 அங்குல அகலமுள்ள விரிப்பு முழுவதும் படத்தில் விழுந்தால் அங்குலத்துக்கு 500 பிக்சலுக்குச் சற்று மேல் கிடைக்கும். 300 குறைந்தபட்சம், பொடி எழுத்துக்கு 400.

எல்இடி விளக்கு இரண்டு, இருபுறமும் 45 பாகையில். ஜன்னலை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பாதிப் பக்கங்கள் மங்கலாக விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் விசிறிதான். முதல் படத்தில் நிற அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும். ஒரே கேமராவால் பக்கம் பக்கமாக எடுப்பதென்றால் வலப்பக்கங்கள் எல்லாம் முதலில், இடப்பக்கங்கள் அடுத்து. முடிந்ததும் இரண்டு எண்ணிக்கையும் சமமா என்று பாருங்கள். ஒரு தாள் ஒட்டிக்கொண்டு விட்டுப்போனால் அதற்குப்பின் மொத்தப் புத்தகமும் இடம் மாறிவிடும். அட்டை, விளம்பரம், விலைப்பட்டியல், வெற்றுப்பக்கம் எதையும் விடாதீர்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டவே கூடாது.

மூலப்படத்தை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் வண்ணக் கோப்பாக வையுங்கள். ஏ5 பக்கம் அங்குலத்துக்கு 300 பிக்சலில் சுமார் 13 எம்பி. 200 பக்க நூல் 2.6 ஜிபி, ஆயிரம் நூல் 2.6 டெராபைட். இடம் மிச்சம் என்று கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பத்து’ ‘பதது’ ஆகிவிடும், அதை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. கைபேசி ஸ்கேன் செயலிகளின் ‘தெளிவாக்கு’ பொத்தான் செய்வதும் இதையேதான்.

கோப்பின் பெயர் எண்ணாக மட்டும் இருக்கட்டும்: ஆறிலக்க அக்சஷன் எண் (நூலகச் சேர்க்கைப் பதிவேட்டில் நூலுக்குத் தந்த எண்), அடிக்கோடு, நான்கிலக்கப் படவரிசை, 004217_0001 என்பதுபோல. முன்னால் சுழியம் இல்லாவிட்டால் சில கருவிகள் 1-க்கு அடுத்து 10-ஐ வைக்கும். அச்சிட்ட பக்க எண்ணைப் பெயரில் போடாதீர்கள். முன்னுரைக்குத் தனி எண், படத்தாளுக்கு எண்ணே இருக்காது.

பதிவு எழுதுவது

உண்மையான உழைப்பு இங்கேதான். ஐஎஸ்பிஎன் (நூலுக்குரிய தர எண்) போட்டு விவரத்தை இறக்கிக்கொள்ளும் வசதி பழைய தமிழ் நூல்களுக்குக் கிடையாது. அட்டையைப் பார்த்துக் கையால்தான் தட்ட வேண்டும். நூற்பட்டியலுக்கு உதவும் கோஹா கட்டற்ற மென்பொருள், யுனிகோடு தமிழை ஏற்கும். மின்படி இருக்கும் முகவரியை மார்க் 21 என்ற நூற்பட்டியல் பதிவு வடிவத்தின் 856 புலத்தில் கொடுக்கலாம்.

ஆண்டு கண்டுபிடிப்பது தனிக் கலை. தலைப்புப் பக்கத்தில் ‘பார்த்திப வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1885-ஆகவும் இருக்கலாம், 1945-ஆகவும் இருக்கலாம், அறுபதாண்டுச் சுற்று. அச்சகத்தின் பெயர், தாள், ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல் ஆகியவற்றை வைத்து ஊகியுங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன். நயா பைசா என்றால் அதற்குப் பின். தும்பிக்கை வைத்த ‘லை’, சுழித்த ‘றா’ இருந்தால் தமிழகத்து நூல் அநேகமாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. திருவள்ளுவர் ஆண்டில் 31-ஐக் கழியுங்கள். ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்பில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். நூலில் அச்சான ஆண்டை அப்படியே குறிப்பில் விடுங்கள்.

ஆசிரியர் பெயருக்கு ஒரே வடிவம் வேண்டும். சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. மூன்றும் மூன்று ஆட்களாகப் பட்டியலில் நிற்பதைப் பல நூலகங்களில் பார்க்கலாம். ஒன்றைத் தலைமை வடிவமாக வைத்து மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. ‘கௌரி’ என்பதை ஒற்றைக்கொம்பு, க, ள என்று சேர்த்து ‘கெளரி’ எனத் தட்டுபவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தேடலில் இரண்டும் வேறு. ‘ஔ’, ‘ஒள’ குழப்பமும் இதே வகை. மாதம் ஒருமுறை ‘கெள’, ‘செள’, ‘மெள’, ‘ஒள’ என்று தேடித் திருத்துங்கள். ஆனால் ‘தெளிவு’, ‘ஒளி’ போன்ற சொற்களில் ள சரியானதே. ஒட்டுமொத்தமாக மாற்றினால் அவையும் கெடும்.

படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள்களில் டெசராக்ட் தமிழ் அறியும். சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்தில் தடுமாறும். பத்துப் பக்கம் சோதித்து, பிழை மலிந்திருந்தால் அந்த உரையைத் தேடலுக்கு மட்டும் பின்னால் வைத்து, வாசகருக்குப் படத்தைக் காட்டுங்கள்.

கணினியிலேயே பிறந்தவை

1990-களுக்குப் பிந்தைய மலர்கள் பலவற்றின் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு உள்ளூர் அச்சகத்தில் இன்னும் கிடக்கலாம். கேட்டு வாங்குங்கள், எழுத்துருவையும் சேர்த்து. பாமினி, வானவில் போன்ற, யுனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். மூலக் கோப்பு, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப், யுனிகோடுக்கு மாற்றிய உரை மூன்றும் ஒரே உறையில் இருக்க வேண்டும்.

மின்னூல் விலைக்கு வாங்கும்போது கேட்க வேண்டியவை இரண்டே: சந்தாவை நிறுத்தினால் நூல் நம்மிடம் இருக்குமா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் கணக்கில் வாங்கிய கிண்டில் நூலை நூலகச் சேர்க்கையாகக் கணக்கு வைக்க முடியாது.

சேமிப்பு

மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். அடுத்த தெரு போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பேட்டை பேட்டையாகத்தான் தண்ணீர் நின்றது. பென்டிரைவும் டிவிடியும் கைமாற்றத்துக்கு மட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எண் (கோப்பு மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் கெட்ட படியை நல்ல படியிலிருந்து மாற்றுங்கள். ஹார்டு டிஸ்க்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அது ஓடிக்கொண்டிருந்தாலும், மாற்றிவிடுங்கள். இந்தச் செலவை முதல் ஆண்டு நிதிக் கணக்கிலேயே எழுதுங்கள். நன்கொடையாளர்கள் ஸ்கேனருக்குப் பணம் தருவார்கள், ஆறாம் ஆண்டு டிஸ்க்குக்குத் தர மாட்டார்கள்.

ஸ்கேன் ஆன புத்தகத்தை எடைக்குப் போடச் சொல்லி நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பார்கள். வேறு நூலகத்தில் நல்ல நிலையில் அச்சுப்படி இருப்பதை நேரில் உறுதி செய்த நூல்களுக்கு மட்டும், அதுவும் மின்படியின் எல்லாப் பக்கங்களையும் சரிபார்த்த பிறகு, அந்தப் பேச்சை எடுக்கலாம்.