தீராத ஒலி வழுவை மூடிவிட்டால் எப்படி மறுப்பது?

லினக்ஸில் ஒலி அமைப்பு பற்றி நீங்கள் பதிந்த வழு (பக்) அறிக்கை, சிக்கல் அப்படியே இருக்கும்போது மூடப்பட்டால், எந்தக் காரணத்தால் மூடினார்கள் என்பதை முதலில் பாருங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலின் வழுப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் ‘இன்கம்ப்ளீட்’ (தகவல் போதாது) என்று குறிக்கப்பட்ட அறிக்கைகள், 60 நாள்கள் பதில் இல்லாவிட்டால் தாமாகவே காலாவதியாகிவிடும். இன்னொரு வழங்கலான ஃபெடோராவில் ஒரு வெளியீட்டின் ஆதரவுக் காலம், ஏறத்தாழ 13 மாதங்கள், முடிந்ததும் அதன்மீது பதிந்த வழுக்கள் மொத்தமாக மூடப்படும். இங்கெல்லாம் உங்களை யாரும் மறுக்கவில்லை. கேட்ட தகவலைக் கொடுத்தாலோ, புதிய வெளியீட்டிலும் சிக்கல் தொடர்வதைச் சோதித்து எழுதினாலோ போதும்.

மாற்றுவழி கிடைத்துவிட்டது என்று சொல்லி மூடும்போதுதான் உண்மையான கருத்து வேறுபாடு எழுகிறது. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கரில் ஒலி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலில், ஹெட்போன் செருகியதும் ஸ்பீக்கரை அடக்கும் ‘ஆட்டோ மியூட்’டை நிறுத்தினால் வருகிறது என்று ஒருவர் எழுத, அதோடு அறிக்கை மூடப்படுகிறது. ஆனால் அப்படி நிறுத்தினால் ஹெட்போனைச் செருகியிருக்கும்போதும் ஸ்பீக்கர் ஒலிக்கும். செருகியதையும் கழற்றியதையும் கண்டறிவதில் உள்ள கோளாறு அப்படியேதான் இருக்கிறது. எந்த அமைப்பையும் தொடாத நிலையில் தவறு தோன்றிக்கொண்டிருக்கும்வரை வழு தீரவில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே புதிய வெளியீட்டின் லைவ் யுஎஸ்பியில் (கணினியில் நிறுவாமலே இயக்கக்கூடிய பிரதி) எதையும் மாற்றாமல் சோதித்து, ஹெட்போன் செருகியிருக்கும்போது ஒன்றும் கழற்றிய பின் ஒன்றுமாக ஒலி அமைப்பின் விவரங்களைத் திரட்டும் அல்சா-இன்ஃபோ நிரல் தரும் முடிவை எடுத்து, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்போடு சேர்த்து இணையுங்கள்.

பல்ஸ்ஆடியோ என்ற முந்தைய ஒலிச் சேவையின் காலத்து அறிக்கை என்றால் மறுசோதனை மிகவும் அவசியம், ஏனெனில் ஃபெடோரா 34-இலும் (2021) உபுண்டு 22.10-இலும் (2022) பைப்வயர் இயல்பு ஒலிச் சேவையாகிவிட்டது. பைப்வயரைத் தவிர்த்து, ஸ்பீக்கர்-டெஸ்ட் என்ற சோதனை நிரல் மூலம் ஒலி அட்டைக்கு நேரடியாக ஒலியை அனுப்பியும் அதே தவறு வந்தால், கோளாறு பெரும்பாலும் கர்னல் இயக்கியில் (டிரைவர்) இருக்கிறது. பழைய கர்னலில் சரியாக இருந்திருந்தால், கடைசியாக வேலை செய்த பதிப்பையும் முதலில் கெட்ட பதிப்பையும் குறிப்பிடுங்கள். கர்னல் உருவாக்குநர்கள் இப்படி முன்பு சரியாக இருந்தது புதிய பதிப்பில் கெட்டுப்போகும் பின்னடைவுகளைத் தனி அக்கறையோடு பார்ப்பார்கள்.

பராமரிப்பாளரின் பக்கமும் நியாயம் உண்டு. உங்கள் கணினி அவரிடம் இல்லை. ஒலிச் சில்லுக்கான திருத்தங்கள் பல, குறிப்பிட்ட கணினி மாதிரியின் அடையாள எண்ணுக்கென்றே எழுதப்படுகின்றன. எனவே “எனக்கும் இதே சிக்கல்” என்று பத்துப் பேர் பத்து மாதிரிகளிலிருந்து எழுதிய அறிக்கையை அவர் மூடி, தனித்தனியாகப் பதியச் சொன்னால் அதை ஏற்றுக்கொள்வதே சரி.

டெபியன் வழங்கலில் மூடிய வழுவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றாலும், புதிய சான்று இல்லாமல் மாறி மாறித் திறப்பதும் மூடுவதும் யாருக்கும் உதவாது. ஒரே மறுமொழியில் சான்றை வைத்து, திருத்தத்தைச் சோதித்துத் தரத் தயார் என்று சொல்லி, திறக்கும்படி கேளுங்கள். அப்போதும் மறுத்தால், காரணத்தை அறிக்கையிலேயே பதியுமாறு வேண்டிக்கொண்டு, கர்னல் அல்லது பைப்வயர் திட்டத்தில் நேரடியாகப் புதிய அறிக்கை பதிந்து, இரண்டிலும் மற்றதன் இணைப்பைக் கொடுங்கள்.