புதிய கல்லூரியும் வட்டார அங்கீகாரமும்: முதல் மாணவர்கள் தலையில் விழும் தவறுகள்

பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் நீதம் என்ற ஊரில் இருக்கிறது ஆலின் பொறியியல் கல்லூரி. பணத்துக்குக் குறைவே இல்லாத கல்லூரி. ஆலின் அறக்கட்டளை 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை எழுப்பியது. முதல் மாணவர்கள் 2002-ல் சேர்ந்தார்கள், 2006 மே மாதம் பட்டம் வாங்கினார்கள். நியூ இங்கிலாந்து வட்டார ஆணையத்தின் அங்கீகாரம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்துக்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமே என்று தோன்றும். அது 2005-ல் திறந்தது. அங்கீகாரம் கிடைத்தது 2011-ல். பெர்க்லியில் உள்ள ஸைதூனா கல்லூரி 2010-ல் முதல் வகுப்பைச் சேர்த்து, 2014-ல் அவர்களுக்குப் பட்டம் கொடுத்து, 2015-ல் அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் இப்படி அங்கீகாரம் பெற்ற முதல் முஸ்லிம் இளங்கலைக் கல்லூரி அதுதான்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று கல்லூரிகள். மூன்றிலும் முதல் மாணவர்கள் படித்து முடித்த பிறகுதான் முத்திரை விழுந்தது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, முறையே அப்படி. ஹையர் லேர்னிங் கமிஷன் போன்ற ஆணையங்கள், ஒரு படிப்பிலாவது பட்டதாரிகளை உருவாக்கியிருந்தால்தான் முதல் அங்கீகாரம் என்று நிபந்தனையே வைத்திருக்கின்றன. ஆகவே இடைப்பட்ட அந்த நாலைந்து ஆண்டுகளில் நிர்வாகம் செய்கிற தவறுகளுக்கு விலை கொடுப்பவர்கள், நம்பி முதலில் வந்து சேர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள். யோகா, இசை, ஆயுர்வேதம் என்று நம்மவர்களும் அமெரிக்காவில் கல்லூரி தொடங்க ஆசைப்படுகிறார்கள்; நன்கொடை கொடுக்கிறார்கள், ஆட்சிக்குழுவில் உட்கார்கிறார்கள். அவர்களையும், அப்படிப்பட்ட கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க யோசிக்கும் பெற்றோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் யுஜிசி மாதிரி ஓர் அமைப்பு அமெரிக்காவில் கிடையாது. மாநில அரசு நடத்த அனுமதி தரும். கல்லூரிகளே சேர்ந்து நடத்தும் ஆணையம் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும். அந்த ஆணையத்தை நம்பலாமா என்பதை மத்திய கல்வித் துறை பார்க்கும். ஆறு வட்டாரங்களுக்கு ஏழு ஆணையங்கள். மேற்கு வட்டாரத்தில் மட்டும் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்குத் தனி ஆணையம். 2020 ஜூலையில் மத்திய அரசின் விதி மாறி, எந்த ஆணையமும் எந்த மாநிலக் கல்லூரியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் எல்லார் வாயிலும் இன்னும் வட்டார அங்கீகாரம்தான். வேறு கல்லூரிக்கு மாறும்போது படித்த பாடங்கள் ஏற்கப்படுவதும், மேற்படிப்பில் இடம் கிடைப்பதும், பல தொழில்களுக்கான உரிமமும் பெரும்பாலும் இந்த முத்திரையைப் பொறுத்தவை.

மாநில அனுமதியை அங்கீகாரம் என்று நினைத்துக்கொள்வதும், அப்படிப் பிறரை நினைக்க விடுவதும்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மாநில அனுமதி கதவைத் திறக்கிறது, கூடவே கெடுவையும் வைக்கிறது. கலிபோர்னியாவில் அங்கீகாரம் இல்லாத ஒரு தனியார் கல்லூரி பட்டம் தர விரும்பினால் கிடைப்பது தற்காலிக அனுமதிதான். இரண்டு ஆண்டுக்குள் வேட்பாளர் நிலை என்ற முன் அங்கீகாரம், ஐந்து ஆண்டுக்குள் முழு அங்கீகாரம் பெற வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு பட்டப்படிப்புக்கு மேல் நடத்த முடியாது. பட்டப்படிப்பே நான்கு ஆண்டு, கெடு ஐந்து ஆண்டு. நியாயமான காரணம் இருந்தால் அவகாசம் கேட்கலாம்தான். அவகாசத்தை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் முதல் ஆண்டை அலங்காரத்திலேயே கழித்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியும் இதே குழப்பத்தைத்தான் உண்டாக்குகிறது. அங்கீகாரம் இல்லாத கல்லூரியும், தன் பாடங்களை அங்கீகாரம் பெற்ற மூன்று கல்லூரிகள் ஏற்கின்றன என்று காட்டினால் மாணவர் விசாவுக்கான அனுமதியைப் பெற வழி இருக்கிறது. கலிபோர்னியாவின் பிளசன்டனில் இருந்த ட்ரை-வேலி யுனிவர்சிட்டி அந்த வழியைப் பொய்க் கடிதங்களால் பயன்படுத்தியது. 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனை போட்டபோது நடுத்தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள், அதிலும் மிகுதி ஆந்திரத்துப் பிள்ளைகள். நடத்தியவருக்கு 2014-ல் 16 ஆண்டுக்கு மேல் சிறை. அது அப்பட்டமான மோசடி. நல்ல எண்ணத்தோடு தொடங்குகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, விசா அனுமதியை ஒருபோதும் தரச் சான்று போலக் காட்டக் கூடாது என்பதை.

அப்புறம், எந்த ஆணையத்திடம் போவது? ஏபெட் போன்றவை பொறியியல் படிப்புக்கு அங்கீகாரம் தருபவை, முழுக் கல்லூரிக்கு அல்ல. முழுக் கல்லூரிக்குத் தரும் ஆணையங்களிலும் மத்தியக் கல்வித் துறையின் பட்டியலில் இல்லாத ஒன்றிடம் போனால் செலவுதான் மிச்சம். பட்டியலில் இருப்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. ஏசிக்ஸ் என்ற ஆணையம் 2016-ல் மத்திய அரசின் ஏற்பை இழந்தபோது, அதை நம்பியிருந்த கல்லூரிகள் எல்லாம் வேறு ஆணையம் தேடி அலைந்தன.

ஒரு துறைக் கல்லூரியின் தனிச் சிக்கல்

ஒரு துறைக்கென்றே தொடங்கும் கல்லூரிகள் இரண்டு திசையிலும் வழுக்கி விழுகின்றன. ஒரு சாரார் தங்கள் துறை ஆழமானது, அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். இளங்கலைப் பட்டம் என்றால் எழுத்து, பேச்சு, எண்சார் சிந்தனை, தகவலைத் தேடி எடை போடுவது, ஆய்ந்து சிந்திப்பது என்ற ஐந்து திறன்களை மேற்கு வட்டாரத்தின் வாஸ்க் ஆணையம் பட்டியல் போட்டே கேட்டது. வீணை வாசிப்பில் தேர்ந்த மாணவி ஒரு கட்டுரையின் வாதத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றாளா என்று கேட்டால், எங்கள் மரபில் அதெல்லாம் தானாக வரும் என்று பதில் சொல்ல முடியாது. எந்தப் பாடத்தில், எந்தப் பயிற்சியில் வருகிறது என்று காட்ட வேண்டும்.

மறு சாரார் பயந்துபோய், பக்கத்துக் கல்லூரியின் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துத் தங்கள் துறையின் மேல் போர்த்திவிடுகிறார்கள். இது எனக்கு இன்னும் வருத்தமான தவறாகத் தெரிகிறது. ஆணையங்கள் வித்தியாசத்தை விரும்பாது என்பது தவறான எண்ணம். கலிபோர்னியாவின் தாமஸ் அக்வைனஸ் கல்லூரியில் பாடநூல் கிடையாது, விருப்பப் பாடம் கிடையாது. எல்லா மாணவரும் ஒரே மூலநூல்களைப் படித்து விவாதிக்கிறார்கள். பாலைவனத்தில் முப்பது பேருக்கும் குறைவான மாணவர்கள் மாடு மேய்த்துக்கொண்டே படிக்கும் டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரி 1917-லிருந்து நடக்கிறது. இரண்டும் அங்கீகாரம் பெற்றவை. யுகாயாவில் உள்ள தர்ம ரெல்ம் பௌத்த பல்கலைக்கழகம் 1976-ல் தொடங்கியது, 2018-ல் அங்கீகாரம் பெற்றது, பௌத்தத் தன்மையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆணையம் கேட்பது, நீங்கள் எதைக் கற்பிப்பதாகச் சொல்கிறீர்களோ அது நடக்கிறதா, அது பட்டம் என்ற பெயருக்குத் தகுமா என்பதைத்தான்.

நிறுவனரை மையமாக வைத்த ஆட்சிக்குழு

சிறிய கல்லூரிகளின் விண்ணப்பம் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் கருத்து. நிறுவனர், அவர் மனைவி, ஒரு சீடர், ஒரு பெரிய நன்கொடையாளர் என நாலு பேர் கூடிக் கல்லூரி நடத்துவார்கள். அன்பும் தியாகமும் நிறைந்த கூட்டமாகவே இருக்கும். ஆனால் கல்லூரித் தலைவரை நியமிக்கவும், வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால் நீக்கவும் ஆட்சிக்குழுவுக்கு அதிகாரம் இருக்கிறதா? நிறுவனர் நாளை இல்லாவிட்டால் கல்லூரி நடக்குமா? கல்லூரியை நேரில் பார்க்க ஆணையம் அனுப்பும் வருகைக் குழு கேட்கும் முதல் கேள்விகளில் இவை வரும். நிறுவனரே தலைவராகவும் ஆட்சிக்குழுவின் தலைவராகவும் இருப்பது, நிதிப் பொறுப்பாளர் வேறெங்கோ முழுநேர வேலை பார்த்துக்கொண்டு மாலையில் கணக்கு எழுதுவது, கல்லூரிக் கட்டடம் நிறுவனருக்குச் சொந்தமாக இருந்து வாடகையை அவரே நிர்ணயிப்பது எல்லாம் நடக்கின்றன. வாடகை நியாயமாகவே இருக்கலாம். அதைத் தீர்மானித்த கூட்டத்தில் அவர் வெளியே போய் உட்கார்ந்தாரா, சந்தை வாடகையோடு ஒப்பிட்டார்களா என்பதற்குக் கூட்டக் குறிப்பு வேண்டும். குரு சொன்னால் சரி என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அவமதிப்பாகப் படுகிறது. குருவுக்குப் பிறகும் மாணவர்களைக் காப்பாற்றப் போவது இந்த ஏற்பாடுதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தணிக்கை செய்த கணக்கு இல்லாமல் போகாதீர்கள். இலாப நோக்கற்ற கல்லூரிக்கு வேட்பாளர் நிலை கிடைத்த பிறகு அதன் மாணவர்களுக்கு மத்திய அரசின் கடனும் உதவியும் வர வாய்ப்பு உண்டு. இலாப நோக்குள்ள கல்லூரிக்கு முழு அங்கீகாரமும் இரண்டு ஆண்டு நடத்திய அனுபவமும் வேண்டும். அதுவரை கையில் இருப்பதை வைத்தே ஓட்ட வேண்டும். மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும் என்று போட்ட கணக்கை நிதித் துறையில் பழுத்த ஒரு மதிப்பீட்டாளர் பார்த்த மாத்திரத்தில் மூடி வைத்துவிடுவார்.

ஆதாரம் ஒரே இரவில் முளைக்காது

கல்லூரி தன்னைத் தானே ஆராய்ந்து ஆணையத்துக்குத் தர வேண்டிய தன்னாய்வு அறிக்கையை வெளியாளிடம் கொடுத்து எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. வழிகாட்ட ஆள் வைப்பதில் தவறில்லை. எழுதித் தர வைப்பதில்தான் ஆபத்து. வருகைக் குழுவில் வருகிறவர்கள் அரசு ஆய்வாளர்கள் அல்ல. வேறு கல்லூரிகளின் பேராசிரியர்கள், டீன்கள், நிதி அதிகாரிகள். அவர்கள் இடைவேளையில் ஒரு ஆசிரியரிடம், உங்கள் படிப்பின் கற்றல் விளைவுகளில் மாணவர்கள் எதில் பின்தங்குகிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அறிக்கையில் மூன்று பக்கம் எழுதியிருக்கும் விஷயத்துக்கு ஆசிரியர் விழித்தால், மற்றப் பக்கங்களையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

வேலை உண்மையில் கடினமானதல்ல, நீளமானது. பட்டம் வாங்கும்போது மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கூடி எழுத வேண்டும். இறுதியாண்டுக் கட்டுரைகளையோ கச்சேரிகளையோ சேர்த்து வைத்து, பொதுவான அளவுகோல் ஒன்றை வைத்து இரண்டு மூன்று பேர் மதிப்பிட வேண்டும். குறை தெரிந்த இடத்தில் பாடத்தை மாற்ற வேண்டும். மாற்றியது பலித்ததா என்று அடுத்த ஆண்டு பார்க்க வேண்டும். இந்தச் சுற்று ஒரு முறையாவது முழுமையாக வர இரண்டு ஆண்டு ஆகும். வருகைக்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்கினால் முதல் படியில்தான் நிற்பீர்கள். குறைகளை மறைப்பது இன்னொரு தவறு. முதல் வகுப்பில் பாதிப் பேர் புள்ளியியலில் தடுமாறினார்கள், அதனால் இன்னின்னதை மாற்றினோம் என்று எழுதும் கல்லூரி, எல்லாம் சிறப்பு என்று எழுதும் கல்லூரியைவிட நம்பகமாகத் தெரியும்.

இவ்வளவு காத்திருக்க முடியாமல் அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றின் நிழலில் ஒதுங்குகிறவர்களும் உண்டு. அது இரண்டு விதமாகவும் முடியும். மினர்வா என்ற புதிய கல்லூரி 2014-ல் கெக் பட்டதாரிக் கல்லூரியின் அங்கீகாரத்தின் கீழ் வகுப்புகளைத் தொடங்கி, 2021-ல் தன் பெயரிலேயே அங்கீகாரம் பெற்றது. ஒஹையோவில் டிஃபின் பல்கலைக்கழகமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஐவி பிரிட்ஜ் என்ற இணையவழிக் கல்லூரியை 2013-ல் ஹையர் லேர்னிங் கமிஷன் நிறுத்த வைத்தது. பாடத்தையும் ஆசிரியர்களையும் யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதை ஆணையம் கூர்ந்து பார்க்கும். பெயரை மட்டும் வாடகைக்கு எடுப்பது நீடிக்காது.

விளம்பரத்தில் ஒரு சொல்

விண்ணப்பிக்கும் தகுதி, வேட்பாளர் நிலை, முதல் அங்கீகாரம் என்று படிகள் இருக்கின்றன. வேட்பாளர் நிலை பொதுவாக ஐந்து ஆண்டுக்கு மேல் நீடிக்காது. தகுதி கிடைத்தது என்பது முறையான நிலையே அல்ல, அங்கீகாரத்துக்கு உத்தரவாதமும் அல்ல என்று வாஸ்க் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் கல்லூரியின் இணையதளத்தில் ‘அங்கீகாரம் பெறும் நிலையில்’ என்று பெரிய எழுத்தில் வந்துவிடுகிறது. படிக்கிற பெற்றோர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதியவருக்கு நன்றாகத் தெரியும்.

இதன் கொடூரமான முகத்தை 2018-ல் பார்த்தோம். ஆர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கொலராடோ, இல்லினாய் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்ட் என்ற இரண்டு கல்லூரிகள் கைமாறியபோது, அந்த ஜனவரி 20 முதல் அவற்றை அங்கீகாரத்திலிருந்து வேட்பாளர் நிலைக்கு இறக்கியது ஹையர் லேர்னிங் கமிஷன். மாணவர்களுக்குப் பல மாதம் இது சொல்லப்படவில்லை. அங்கீகாரம் இருப்பதாகவே நம்பிக் கடன் வாங்கிப் படித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டும் மூடப்பட்டன. 2019-ல் மத்தியக் கல்வித் துறை ஏறக்குறைய 1,500 பேரின் அந்தக் காலக் கடனைத் தள்ளுபடி செய்தது. கடன் போனது சரி, இழந்த காலத்தை யார் திருப்பித் தருவது?

ஆகவே முதல் மாணவரைச் சேர்க்கும் முன்பே சில தாள்கள் தயாராக இருக்கட்டும். இப்போது எந்தப் படியில் இருக்கிறோம் என்பதை ஆணையம் தந்த வாசகத்திலேயே, ஒரு எழுத்தும் மாற்றாமல், சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில் போட்டு மாணவரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற இரண்டு மூன்று கல்லூரிகளோடு, உங்கள் பாடங்களை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். வாய்ச் சொல் போதாது. கல்லூரி மூடப்பட்டால் மீதிப் படிப்பை எங்கே முடிப்பது, மதிப்பெண் பட்டியலை யார் பாதுகாப்பது, கட்டணத்தில் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதற்குத் திட்டம் எழுதி, அதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். பெற்றோராக இருந்தால் இந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரத் தயங்கும் கல்லூரியில் முன்பணம் கட்டாதீர்கள்.