சாய்ந்த மரமும் பொந்து மரமும்: வெட்டும்போது செய்யக்கூடாதவை

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை அறுத்து அகற்றும்போதுதான் எங்கள் பக்கம் நிறையப் பையன்கள் செயின் சா (மோட்டார் ரம்பம்) பிடித்துப் பழகினார்கள். கையில் நல்ல வேகம். ஆனால் நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே கோளாறுகள். ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் அவர்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தட்டிப் பார்க்காமல் மிஷினை வைப்பது

பழைய புளி, தூங்குமூஞ்சி எல்லாம் மேலே பச்சைப்பசேல் என்று நிற்கும், உள்ளே பொந்தாக இருக்கும். கோடாலியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டுங்கள். கெட்டி மரம் 'டக்' என்கும், பொந்து 'தொம்' என்கும். வேரடியில் தட்டுத்தட்டாகக் காளான் இருந்தாலும், எறும்பு தள்ளிய மரத்தூள் கிடந்தாலும் நிதானியுங்கள். அறுக்கும்போது வெளிறிய தூள் திடீரென்று கறுத்து மாவாகக் கொட்டினால் மிஷினை நிறுத்துங்கள். விழும் திசையைப் பிடித்து நிறுத்த உள்ளே கெட்டி மரமே இல்லை. அதில் ஆளையும் ஏற்றாதீர்கள். கிரேன் வைத்து மேலிருந்து துண்டு துண்டாக இறக்குங்கள்.

சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து அறுத்துக்கொண்டே போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாய்க்கால் கரையில் ஒரு தைலமரம், தண்ணீர்ப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. பையன் முன்னால், விழும் பக்கம், பேருக்கு ஒரு வாய் (ஆப்பு வடிவ வெட்டு) வெட்டிவிட்டு, பின்னால் வந்து அறுக்க ஆரம்பித்தான். பாதிகூட அறுபடவில்லை, படீர்! வெட்டிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் மரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி அவன் நின்ற பக்கம் உதைத்து எழும்பியது. ஓரமாக நின்றதால் உயிர் தப்பினான். மிஷின் நசுங்கிவிட்டது. நல்ல விலைக்குப் போக வேண்டிய தடி விறகாகிவிட்டது.

சாய்ந்த மரத்தின் பின்பக்க நார் முழுக்க இழுபட்டு நிற்கிறது. அங்கே அறுக்க அறுக்க, மிச்சமிருக்கும் மரம் வளையும் அளவுக்கு மெலிவதற்குள் மேல்பாரம் இழுத்துவிடும். வளைய முடியாத மரம் நார்வாக்கில் பிளக்கும்.

சரி, எப்படி வெட்டுவது? முதலில் விழும் பக்கம், அடிமரக் குறுக்களவில் கால்வாசி ஆழத்துக்குள் அகலமாக வாய் வெட்டுங்கள். அதற்குப் பின்னால் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு மரத்தைக் கதவுக் கீல் போல விட்டுவிட்டு, பக்கவாட்டில் பிளேடை (சங்கிலி ஓடும் நீளப் பட்டையை) குத்தி இறக்குங்கள். நுனியின் கீழ்ப்பாதியால்தான் குத்த வேண்டும். மேல்பாதி பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும். உள்ளே இறங்கியதும் பின்பக்கமாக அறுத்து வந்து, கடைசியில் கொஞ்சம் நாரை அறுக்காமல் நிறுத்துங்கள். மரத்தைப் பிடித்திருப்பது அதுதான். ஆட்களை விலக்கிவிட்டு, ஓரமாக நின்று வெளியிலிருந்து அதை அறுத்தால் மரம் ஒரே வீச்சில் போய்விடும். சந்தேகமிருந்தால் வெட்டுக்குச் சற்று மேலே இரும்புச் சங்கிலியை இறுக்கிச் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

கவை மரம்

மரம் இரண்டாகப் பிரியும் கவைக்குள் பட்டை புதைந்திருந்தால் பிளக்கும். முதலில் வடம் போட்டுக் கட்டுங்கள்.

ஓடும் வழி

மரம் விழும்போது விலகி ஓடும் வழியை, மிஷினை முடுக்குவதற்கு முன்பே புதர் செதுக்கி வைத்துவிடுங்கள், நேர் பின்னால் அல்ல, பின்பக்கம் சாய்வாக.