முத்திரையிட்ட பிறகும் அறிக்கையில் வந்த பழைய வழக்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் என் மீதிருந்த பழைய சிறு குற்ற வழக்கின் பதிவு முறைப்படி முத்திரையிடப்பட்டுவிட்டது, அதாவது பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டுவிட்டது. அங்கே பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு 3 ஆண்டுகள், பெருங்குற்றங்களுக்கு 7 ஆண்டுகள் கழித்துத் தபாலிலேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். அப்படியிருந்தும் வேலைக்கான பின்னணிச் சோதனை அறிக்கையில் அதே வழக்கு வந்து நின்றது.

நீதிமன்ற எழுத்தரைக் கேட்டேன். தங்கள் பக்கம் கோப்பு மூடப்பட்டுவிட்டது, தனியார் நிறுவனம் வைத்திருப்பது தங்கள் கையில் இல்லை என்றார். வேலை தரவிருந்த நிறுவனமோ அறிக்கையில் உள்ளதைத்தான் பார்ப்போம் என்றது.

சோதனை நிறுவனம் முத்திரைக்கு முன்பே எடுத்த நகலை இன்னும் விற்றுக்கொண்டிருந்தது. வழி கிடைத்தது கூட்டாட்சியின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டத்தில். சட்டத்தின் பெயரில் ‘கடன்’ என்ற சொல் இருந்தாலும் வேலைக்கான பின்னணி அறிக்கைகளுக்கும் அது பொருந்தும். என்னைப் பற்றிய முழுக் கோப்பையும் கேட்டு வாங்கி, முத்திரையிட்டதை உறுதிசெய்யும் கடிதத்தின் நகலுடன் பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்பினேன். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் மறுவிசாரணை செய்தாக வேண்டும். வழக்கை நீக்கினார்கள்.

பலர் தவறவிடுவது இதற்குப் பிறகுதான். திருத்தம் வேலை தருபவருக்குத் தானாகப் போவதில்லை. கடந்த 2 ஆண்டுகளில் வேலைக்காக அறிக்கை பெற்றவர்களின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டால், சோதனை நிறுவனம் அவர்களுக்குத் தெரிவிப்பது கட்டாயம். அந்த ஒரு வரியை எழுதியதும் என் வேலை உறுதியானது. பெரிய நிம்மதி.

குடியுரிமை இல்லாதவர்கள் கவனியுங்கள்: குடியுரிமை விண்ணப்பத்தில் முத்திரையிட்ட வழக்கையும் சொல்லியே ஆக வேண்டும்.