கடலை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள்: கடற்கரை நகரத்தில் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரை நகரம் ஒன்றுக்குக் கேமராவோடு முதன்முறை போனபோது மூன்று நாள் தங்கினேன். வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தால் சூரியன் மறைகிறது, அலை அடிக்கிறது, மறுபடியும் சூரியன் மறைகிறது. பார்க்க எல்லாமே அழகாகத்தான் இருந்தன. ஆனால் அது எந்த ஊர் என்று ஒரு படமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல கரைகளைப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்து இங்கே நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான்: ஊர் முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருக்க, கடலையே பார்த்துக்கொண்டு நிற்பது.

கடல் அந்த ஊரை என்ன செய்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கடலைப் பார்த்த சுவரில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும். அதே வீட்டின் பின்சுவர் பளிச்சென்று இருக்கும். ஜன்னல் கம்பிகள் துருவேறிப் பருத்திருக்கும். மரங்கள்கூட ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும். கடல் பக்கத்துத் தளிர்களை உப்புக்காற்று கருக்கிவிடுவதால் மறுபக்கக் கிளைகள் மட்டும்தான் நீளும். இவற்றை எடுங்கள். ஒரு சொட்டு நீர் இல்லாமலே படத்துக்குள் கடல் வந்துவிடும்.

மணலில் நின்றபடியே எல்லாப் படத்தையும் எடுப்பதும் இதோடு சேர்ந்த தவறு. சராசரி உயரமுள்ளவர் கரையில் நின்றால் அவர் பார்க்கும் தொடுவானம் 5 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் படத்தில் கடல் ஒரு மெல்லிய பட்டையாக வரும். 30 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் அந்தத் தூரம் சுமார் 20 கிலோமீட்டராகிவிடும். கலங்கரை விளக்கமோ குன்றோ, அனுமதி உள்ள உயரமான இடம் ஒன்றில் முதல் நாளே ஏறிவிடுங்கள். கரை எங்கே வளைகிறது, ஊர் அதில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, ஆறு எங்கே கலக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் புரியும். மற்ற நாட்களில் எங்கே போவது என்பதை நான் அங்கே நின்றுதான் முடிவு செய்வேன்.

அடுத்தது நேரம். சூரியன் எப்போது உதிக்கும் என்று பார்க்கிற பலர், கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் எப்போது என்று பார்ப்பதில்லை. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. ஆகவே ஏற்ற நேரம் நாளுக்கு 50 நிமிடம்போலத் தள்ளிக்கொண்டே போகும். இன்று காலை 6 மணிக்குப் பாசி படிந்த பாறைகளும் கண்ணாடிபோல வானத்தைக் காட்டும் ஈரமணலும் கிடைத்தால், ஒரு வாரம் கழித்து அதே 6 மணிக்கு அந்த இடம் நீருக்குள் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்குமான நீர்மட்ட வேறுபாடு பெரிதாகவும், அஷ்டமியை ஒட்டிச் சிறிதாகவும் இருக்கும்.

இது படத்துக்காக மட்டும் சொல்வதில்லை. ஒருமுறை நடந்தே போன பாறைத் திட்டிலிருந்து, திரும்பும்போது இடுப்பளவு நீரில் கேமராப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருந்ததில் பின்னால் நீர் ஏறியது தெரியவே இல்லை. இப்போதெல்லாம் ட்ரைபாடை விரிப்பதற்கு முன் கால்மணி நேரம் அலைகளை மட்டும் பார்ப்பேன். அவை கூட்டம் கூட்டமாக வரும். பத்து அலை சாதுவாக வந்தபின் ஒன்று நீங்கள் நிற்கும் பாறை மேலேயே ஏறும். ஈரமான பாறையில் நிற்கும்போது கடலுக்கு முதுகு காட்டவே வேண்டாம்.

சூரியன் மறைந்ததும் கேமராவைப் பைக்குள் வைப்பது இன்னொரு தவறு. நகரத்துக்கான வெளிச்சம் அப்புறம்தான் தொடங்குகிறது. வானத்தின் நீலமும் தெருவிளக்குகளின் மஞ்சளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும் அந்த நேரம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருபது நிமிடம் சொச்சம்தான். துருவங்களை நோக்கிப் போகப்போக நீளும்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதில், பலர் தடுமாறுவது வெண்மணலிலும் நுரையிலும். கேமராவின் மீட்டர் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். மணல் அழுக்காக வரும். ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கி, நுரை வெளுத்துப்போகவில்லையே என்று வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் பாருங்கள். கடலின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஒரே படத்தில் ஒத்துவராதது பழைய சிக்கல்தான். 1850களில் பிரான்சின் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் ல கிரே, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துத்தான் தன் கடல் படங்கள் சிலவற்றை அச்சிட்டார்.

வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் பத்து ஸ்டாப் ஃபில்டர் வாங்கியதும் எல்லா அலையையும் பனிமூட்டமாக்கிவிடும் ஆசை வரும். எனக்கும் வந்தது. 1/60 நொடியில் எடுக்கும் படத்துக்கு 17 நொடி ஆகிவிடும். கடலின் முகமே அழிந்துபோகும். அரை நொடி வைத்துப் பாருங்கள். அலை பின்வாங்கும்போது மணலில் இழுக்கும் கோடுகள் அப்படியே நிற்கும். அதில்தான் அந்தக் கரையின் சரிவு தெரிகிறது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லென்ஸில் சாரல் பட்டதும் உலர்ந்த துணியால் துடைப்பது ஒரு நொடிப் பழக்கம். என் நல்ல ஃபில்டர் ஒன்றில் இன்றும் அந்தக் கீறல்கள் இருக்கின்றன. சாரலோடு மணலும் ஒட்டியிருக்கும், மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. முதலில் ஊதி மணலை அகற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணி, கடைசியில்தான் உலர்ந்த துணி. அறைக்கு வந்ததும் கேமராவின் உடலையும் இதேபோலத் துடைத்துவிடுங்கள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், நீங்கள் தூங்கும்போதும் துருப்பிடிக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். ட்ரைபாடின் அடிக்கால்களை முதலில் இழுத்துவிட்டால் பூட்டுகள் மணலுக்கும் நீருக்கும் மேலே நிற்கும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிந்தால் துடைத்துப் பயனில்லை. பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு நன்றாக விடிந்தபின் போனால் பெரும்பாலும் காலிக் கூடைகள்தான் இருக்கும். இருட்டிலேயே போய்விடுங்கள். ஆனால் அது பிழைப்பு நடக்கும் இடம். காய்கிற வலையை மிதிப்பதும், கயிறு இழுப்பவர் வழியில் நிற்பதும், முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும் கூடவே கூடாது. கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். மறுநாள் நேற்றைய படத்தைக் காட்டினால், அவர்களே கூப்பிட்டு வேறு இடங்களைக் காட்டுவார்கள். எனக்கு அப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. பெரிய துறைமுகங்களிலும் கடற்படை இடங்களிலும் படமெடுக்கவும் டிரோன் பறக்கவிடவும் பல நாடுகளில் தடை உண்டு. முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நகர எல்லையோடு நின்றுவிடாதீர்கள். ஒரு விடியலையாவது கழிமுகத்துக்கு ஒதுக்குங்கள். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்வதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வெயில் ஏறினால் அது திரும்பிக் கடற்காற்றாகும். இரண்டுக்கும் நடுவே காற்று ஓய்கிற சிறிது நேரத்தில் உப்பங்கழி அசையாமல் கிடக்கும். படகும் அதன் நிழலும் ஒன்றோடொன்று ஒட்டியதுபோலத் தெரியும். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் வேண்டுமென்றால் வற்றத்தில் போங்கள். முகத்துவாரத்து மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பவை, போன வருட வரைபடத்தை நம்பி இறங்க வேண்டாம். எங்கே கால் வைக்கலாம் என்று பக்கத்தில் படகு தள்ளுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.